பூ விலை திரும்பிவிட்டது, கடன் மட்டும் போகவில்லை

கேள்வி:

ஐயா, நாங்கள் நிலக்கோட்டை பக்கம். மாமனார் விட்டுப்போன ஒரு ஏக்கர் இருபது சென்ட் நிலம். அதில் எழுபது சென்ட் மல்லி, கிணற்றுப் பாசனம். மீதி ஐம்பது சென்ட் இரண்டு வருடமாகத் தரிசு. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது செடி முழுக்க அரும்பு. கோயிலும் இல்லை, கல்யாணமும் இல்லை, மார்க்கெட்டும் இல்லை. பறிக்காமல் விட்டால் செடி கெட்டுவிடும் என்று கூலி கொடுத்துப் பறித்து வரப்பில் கொட்டினோம். அடுத்த வருடமும் அதே கதை.

இப்போது இருக்கும் கடன்: தனியார் அடகு நிறுவனத்தில் ஆறு பவுன், மும்மூன்று பவுனாக இரண்டு சீட்டு, சீட்டுக்கு 65,000 ரூபாய், மாதம் நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டி. ஊரில் ஒருவரிடம் ஐந்து ரூபாய் வட்டிக்கு 50,000. பூக்கடை கமிஷன்காரரிடம் முன்பணம் 40,000, அதற்கு வட்டி கிடையாது. மைக்ரோ பைனான்ஸ் பாக்கி 45,000. பூ விலை இப்போது பரவாயில்லை, ஆனால் வருவதெல்லாம் வட்டிக்கே போகிறது. ஐந்து வட்டிக்குக் கொடுத்தவர் அந்த ஐம்பது சென்ட்டைத் தானே எடுத்துக்கொள்கிறேன், இப்போதைக்கு ஒரு அக்ரிமென்ட் மட்டும் போடுவோம் என்கிறார். வீட்டுக்காரர் சரி என்கிறார். பட்டா இன்னும் மாமனார் பேரில்தான். வீட்டுக்காரருக்கு ஒரு தங்கை உண்டு. சொந்தக்காரர்கள் மல்லியைப் பிடுங்கிவிட்டுத் தென்னை வைக்கச் சொல்கிறார்கள். பயிர்க்கடன் தள்ளுபடி, நகைக்கடன் தள்ளுபடி இரண்டுமே எங்களுக்குக் கிடைக்கவில்லை.

நான் மகளிர் குழுவில் ஊக்குநர். பாதிப் பேர் தவணை கட்டாததால், பயந்துகொண்டு குழுக் கணக்கில் 70,000 ரூபாயைச் சும்மா வைத்திருக்கிறோம். மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள், மில்லுக்கு அனுப்பலாமா என்று வீட்டில் பேச்சு. என்ன செய்யட்டும்?

– பெயர் வேண்டாம், திண்டுக்கல் மாவட்டம், ஜூன் 2022

பதில்:

அன்புச் சகோதரிக்கு வணக்கம்.

முதலில் ஒன்று. அந்த அக்ரிமென்ட்டில் உங்கள் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட வேண்டாம். இன்றே சொல்லிவிடுங்கள். மற்றதையெல்லாம் நிதானமாகப் பேசலாம், இதற்கு மட்டும் அவகாசம் இல்லை.

நான் வங்கியில் விவசாயக் கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வட்டிக்குக் கொடுத்தவர் "சும்மா ஒரு பேப்பர்" என்று எழுதி வாங்கும் கிரய ஒப்பந்தமும் பவர் பத்திரமும் பின்னால் என்ன ஆகும் என்று நிறையப் பார்த்திருக்கிறேன். கடன் வாங்கியதற்கு அத்தாட்சிதான் அது என்று பின்னால் நிரூபிப்பது கஷ்டம். நிலத்தை விற்க ஒப்புக்கொண்டு முன்பணம் வாங்கியதாகத்தான் அதில் எழுதியிருக்கும். நீங்கள் வாங்கிய ஐம்பதாயிரம் அதில் அட்வான்ஸ் ஆகிவிடும், மீதிப் பணத்தைக் கொடுத்து நிலத்தை எழுதிக்கொள்ள அவர் கோர்ட்டுக்குப் போகலாம். அதிலும் பட்டா இன்னும் மாமனார் பேரில் இருக்கும்போது, தங்கையைக் கேட்காமல் இவர் மட்டும் கையெழுத்துப் போட்டால் கடனோடு குடும்பச் சண்டையும் சேர்ந்துகொள்ளும்.

நிலத்தை விற்றுக் கடனை முடிப்பது ஒரேயடியாகத் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். சில குடும்பங்களுக்கு அதுதான் வழியாக இருந்திருக்கிறது. உங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்தால் அதற்கான தேவை எனக்குத் தெரியவில்லை.

கணக்குக்கு வருவதற்கு முன்னால், உங்களுக்கு மட்டும் ஏன் இப்படி ஆனது என்று கேட்கும் அந்த ஆதங்கத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும். 2020 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான மூன்று மாதத்தில் நாட்டின் பொருளாதாரம் 23.9 சதவீதம் சுருங்கியது. அதே மூன்று மாதத்தில் விவசாயம் 3.4 சதவீதம் வளர்ந்ததாகக் கணக்கு வந்தது. விவசாயிகள் தப்பித்துவிட்டார்கள் என்று பலர் எழுதினார்கள். மழை நன்றாக இருந்தது, அந்த ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் அணையைக்கூட எட்டு வருடம் கழித்து உரிய நாளில் திறந்தார்கள், விளைச்சல் வந்தது, எல்லாம் உண்மைதான். ஆனால் விளைந்தது விலையானதா, விலையானது வீட்டுக்கு வந்ததா என்பது அந்தக் கணக்கில் தெரியாது. உங்கள் மல்லியும் விளைந்துதான் இருந்தது. வரப்பில் கொட்டினீர்கள்.

வறட்சி, வெள்ளம் என்றால் பயிர் போகும். அதற்குக் காப்பீடு, நிவாரணம் என்று ஒரு வழி உண்டு. கொரோனாவில் பயிர் அப்படியே இருந்தது, வாங்க ஆள்தான் இல்லை. பயிர்க் காப்பீடு விளைச்சல் குறைந்தால்தான் பணம் தரும், சந்தை மூடியதற்குத் தராது. கோயம்பேடு சந்தையை 2020 மே மாதம் மூடியபோது காய்கறியைத் திருமழிசைக்கும் பூவையும் பழத்தையும் மாதவரத்துக்கும் மாற்றினார்கள். காய்கறியாவது எப்படியோ நகர்ந்தது. பூவுக்குத் தேவையே செத்துப்போயிருந்தது. கல்யாணத்துக்கு ஐம்பது பேர் என்றார்கள். பெரிய கோயில்கள் செப்டம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தன.

அப்புறம் வந்த உதவிகளைப் பாருங்கள். 2021 பிப்ரவரியில் 12,110 கோடி ரூபாய் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தார்கள். அதே வருடம் செப்டம்பரில் ஐந்து பவுன் வரை நகைக்கடன் தள்ளுபடியை அறிவித்தார்கள். இரண்டுமே கூட்டுறவில் இருந்த கடனுக்கு. நீங்கள் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்கவே இல்லை, பயிர்க்கடன் வாங்கவும் முடியாது, ஏனென்றால் பட்டா உங்கள் பேரில் இல்லை. வருடத்துக்கு 6,000 ரூபாய் தரும் பி.எம். கிசானும் அதே காரணத்தால்தான் உங்களுக்கு வந்திருக்காது. ரேஷன் கார்டுக்கு 2020-ல் வந்த ஆயிரமும் 2021-ல் வந்த நாலாயிரமும் உங்களுக்கும் வந்திருக்கும், அது அரிசி பருப்புக்குச் சரியாக இருந்திருக்கும். பெரிய தொகையெல்லாம் கடன் புத்தகத்திலும் நிலப் பதிவேட்டிலும் பேர் இருந்தவர்களுக்குப் போனது. அதிகச் சிரமத்தில் இருந்தவர்கள்தான் அதிக வட்டிக்கு வெளியில் வாங்கியிருந்தார்கள், தள்ளுபடி அவர்கள் பக்கம் வரவே இல்லை. இது எனக்கு இன்றும் ஆறாத விஷயம்.

அதனால் முதல் வேலை பட்டா. மாமனாருடைய இறப்புச் சான்று, வாரிசுச் சான்று எடுத்துக்கொண்டு இ-சேவை மையத்தில் பட்டா மாறுதலுக்கு விண்ணப்பம் போடுங்கள். வாரிசு எல்லோர் பேரிலும் கூட்டுப் பட்டாவாக வந்தால் அதற்கே சம்மதியுங்கள், பயிர்க்கடனுக்கு அது போதும், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் சேர்த்தால் சரி. தங்கையிடம் மறைக்காமல் நேராகப் போய்ப் பேசுங்கள். அவருக்குச் சேர வேண்டிய பாகத்தைப் பற்றி இப்போதே தெளிவாகப் பேசிவிட்டால் சம்மதக் கையெழுத்துக்கு யாரும் தயங்குவதில்லை. பி.எம். கிசானுக்கு 2019 பிப்ரவரி 1-க்கு முன்பே நிலம் உங்கள் பேரில் இருக்க வேண்டும் என்று விதி உண்டு. உரிமையாளர் இறந்து வாரிசுக்கு வந்த நிலத்துக்கு அதில் விலக்கு இருக்கிறது. வேளாண் அலுவலகத்தில் இதைச் சொல்லிக் கேளுங்கள், அங்கேயும் சிலருக்கு இது நினைவிருக்காது.

இனி கடன். நான்கு கடனை எழுதியிருக்கிறீர்கள். அதில் ஒன்றுக்கு "வட்டி கிடையாது" என்கிறீர்கள். அதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பூக்கடைச் சீட்டுகளை எடுத்துப் பாருங்கள். முன்பணம் வாங்கியவர்களிடம் நூற்றுக்கு 15 ரூபாய் கமிஷன், வாங்காதவர்களிடம் 10 ரூபாய் என்று பல இடத்தில் நடக்கிறது. உங்கள் கடையில் எவ்வளவு என்று பக்கத்துத் தோட்டத்துக்காரரின் சீட்டை வாங்கி ஒப்பிட்டுப் பாருங்கள். எழுபது சென்ட் மல்லியில் வருடத்துக்கு மூன்று லட்சத்து இருபதாயிரத்துக்குப் பூ போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து ரூபாய் கூடுதல் கமிஷன் என்றால் 16,000 ரூபாய். நாற்பதாயிரம் முன்பணத்துக்கு வருடம் 16,000 என்பது நாற்பது சதவீத வட்டி. அசலும் குறையாது. இதில் எடையில் பிடிப்பதையும், வேறு கடையில் பத்து ரூபாய் கூட விலை போகிற நாளில் நீங்கள் அங்கே போக முடியாததையும் நான் சேர்க்கவில்லை. கமிஷன்காரரைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. ஊரடங்கில் எந்த வங்கியும் எட்டிப் பார்க்காத வீடுகளுக்கு அவர்கள்தான் ஐயாயிரம் பத்தாயிரம் கொடுத்து அடுப்பெரிய வைத்தார்கள், அது பெரிய உதவி. ஆனாலும் விலை என்ன என்று தெரிந்து வாங்க வேண்டும்.

ஆக, ஐந்து வட்டி வருடத்துக்கு அறுபது சதவீதம். கமிஷன் முன்பணம் நாற்பது. அடகு இருபத்துநான்கு. இந்த வரிசையில்தான் முடிக்க வேண்டும். வீட்டு வாசலில் வந்து யார் அதிகம் சத்தம் போடுகிறார்களோ அவர்களுக்கு முதலில் கட்டுவதுதான் எல்லோர் வீட்டிலும் நடக்கிறது. மைக்ரோ பைனான்ஸ் தவணை ஒழுங்காகப் போய், வட்டிக்கு வாங்கியது அப்படியே நிற்பதற்கு அதுதான் காரணம்.

நகையை இப்படிச் செய்யுங்கள். இரண்டு சீட்டாக வைத்திருப்பது உங்களுக்கு இப்போது பெரிய வசதி. குழுவில் சும்மா கிடக்கும் எழுபதாயிரத்தில் 65,000 எடுத்து, தீர்மானப் புத்தகத்தில் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டு, ஒரு வாரத்துக்கு உங்களுக்குக் கடனாகக் கொடுக்கச் சொல்லுங்கள். நீங்களே ஊக்குநர் என்பதால் இது கூட்டத்தில் வெளிப்படையாக நடக்க வேண்டும். முதல் சீட்டைத் திருப்பி மூன்று பவுனை எடுங்கள். அதில் ஒன்றரைப் பவுனை விற்றுவிடுங்கள். இது மனசுக்குக் கஷ்டம், தெரியும். ஆனால் பெட்டியில் இருக்கும் நகை வருமானம் தராது, ஐம்பது சென்ட் நிலம் தரும். விற்க வேண்டிய கட்டாயம் வந்தால் நகைதான் முதலில் போக வேண்டும், நிலம் கடைசியில். இந்த 2022 ஜூன் விலையில் கழிவு போக ஏறத்தாழ 54,000 கிடைக்கும். ஐம்பதாயிரத்தை அன்றைக்கே கொண்டுபோய் ஐந்து வட்டிக்காரரிடம் கொடுத்துக் கணக்கை முடியுங்கள்.

மீதி ஒன்றரைப் பவுனை வங்கியில் வையுங்கள். கிராமுக்கு 3,300 ரூபாய் கொடுத்தால் நாற்பதாயிரம் வரும். விற்றதில் மிஞ்சிய நாலாயிரத்தையும் சேர்த்துக் குழுவுக்கு 44,000 திருப்பிவிடலாம், 21,000 பாக்கி நிற்கும். அடுத்த வாரம் இரண்டாவது சீட்டு. மறுபடி குழுவிடம் 65,000 வேண்டும். கணக்கில் நாற்பத்தொன்பதாயிரம்தான் இருக்கும், பூ விற்ற பணம், தெரிந்தவர் கைமாற்று என்று மீதியைச் சேர்த்துக்கொள்ளுங்கள், இரண்டு நாள் வேலைதான். மூன்று பவுனுக்கு வங்கியில் 79,000 வரை கிடைக்கும். எல்லோருக்கும் கொடுத்ததுபோக, குழுவுக்கு நீங்கள் தர வேண்டியது ஏழாயிரமாகக் குறைந்துவிடும்.

இதுவரை அடகுக்கு மாதம் 2,600, ஐந்து வட்டிக்கு 2,500, ஆக 5,100 ரூபாய் வட்டி மட்டும் கட்டினீர்கள். இனி வங்கியில் 1,19,000 ரூபாய் நகைக்கடன். வருடத்துக்கு 9 சதவீதம் என்று வைத்தாலும் மாதம் 900 ரூபாய்தான். மாதம் நாலாயிரம் உங்கள் கையில் நிற்கும். அந்த நாலாயிரத்தை வீட்டுச் செலவில் கரைய விடாமல் கமிஷன்காரர் கணக்கில் கழித்துக்கொண்டே வந்தால் பத்து மாதத்தில் நாற்பதாயிரமும் முடிந்துவிடும். முடிகிற அன்றைக்கு "இனி பத்து ரூபாய் கமிஷன்தான்" என்று பேசுங்கள். நல்ல பூ போடுகிறவரை எந்தக் கடைக்காரரும் விட மாட்டார்.

ஐந்து வட்டிக்காரரிடம் போகும்போது தனியாகப் போகாதீர்கள். ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். பணம் கொடுக்கும்போதே எழுதிக்கொடுத்த புரோநோட்டு, வெற்றுச் செக், ஸ்டாம்ப் பேப்பர் எல்லாவற்றையும் திரும்ப வாங்க வேண்டும், "நாளைக்குத் தருகிறேன்" என்றால் பணமும் நாளைக்கே. தகராறு செய்தால் 2003-ஆம் வருட கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. வாங்க மறுத்தால் பணத்தை நீதிமன்றத்தில் கட்ட அந்தச் சட்டத்திலேயே வழி உண்டு. இந்த 2022 ஜூன் மாதம் போலீஸில் கந்துவட்டிக்கென்றே தனி நடவடிக்கை தொடங்கியிருக்கிறார்கள், அதனால் பெரும்பாலும் பேச்சோடு முடிந்துவிடும்.

மைக்ரோ பைனான்ஸ் பாக்கியைத் தவணைப்படியே கட்டி முடியுங்கள். அதை அடைக்க இன்னொரு கம்பெனியில் மட்டும் வாங்காதீர்கள். 2022 ஏப்ரல் 1 முதல் ரிசர்வ் வங்கியின் புதிய விதி வந்திருக்கிறது. ஒரு குடும்பம் மாதம் கட்டும் எல்லாக் கடன் தவணையும் சேர்த்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்குத் தொந்தரவு செய்யக் கூடாது. முன்கூட்டியே கட்டினால் அபராதம் கிடையாது. ஆள் வந்து வாசலில் உட்கார்ந்தால் முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார், பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம். 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம்.

பட்டா கைக்கு வந்ததும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராகச் சேர்ந்து மல்லிக்குப் பயிர்க்கடன் கேளுங்கள். ஏக்கருக்கு எவ்வளவு என்பதை ஒவ்வொரு வருடமும் மாவட்ட அளவில் நிர்ணயிக்கிறார்கள். தேதி தவறாமல் கட்டினால் வட்டியே இல்லை, அரசு ஏற்றுக்கொள்கிறது. வங்கியில் கிசான் கார்டு என்னும் விவசாயக் கடன் அட்டை என்றால் ஒழுங்காகக் கட்டுபவருக்கு 4 சதவீதம். உரம், மருந்து, கவாத்து (கிளை வெட்டுவது), பறிகூலி எல்லாம் இந்தப் பணத்தில் நடந்தால் பூ விற்ற பணம் பழைய கடனை அடைக்க மிஞ்சும். இன்னொன்றும் சொல்கிறேன். தனியாரிடம் கடன்பட்டுத் தவிக்கும் விவசாயியை அதிலிருந்து மீட்கக் கொடுக்கும் கடனையும் ரிசர்வ் வங்கி முன்னுரிமை விவசாயக் கடனாகவே கணக்கில் எடுத்துக்கொள்கிறது. கிளை மேலாளர்கள் தாங்களாக இதைச் சொல்வது அரிது. நீங்கள் கேட்கலாம், கேட்பது உங்கள் உரிமை.

குத்தகைக்கு ஓட்டுகிறவர்கள் உங்கள் குழுவில் இருப்பார்கள். அவர்களுக்குப் பட்டா இல்லை என்று கை விரித்துவிட வேண்டாம். கிராம நிர்வாக அலுவலரிடம் சாகுபடிச் சான்று வாங்கி, நாலு முதல் பத்துப் பேர் வரை சேர்ந்து கூட்டுப் பொறுப்புக் குழுவாக வங்கியில் கடன் வாங்கலாம்.

மல்லியைப் பிடுங்குவது பற்றி. வேண்டாம். கொரோனா உங்கள் செடியைக் கெடுக்கவில்லை. தென்னை பலன் தர வருடக்கணக்கில் ஆகும், அதுவரை வட்டியை எதை வைத்துக் கட்டுவீர்கள்? மல்லி தினமும் கையில் காசு தரும் பயிர், கடனில் இருக்கும் குடும்பத்துக்கு அதைவிட நல்ல பயிர் அமையாது. ஆனால் எழுபது சென்ட்டும் ஒரே பயிர், ஒரே சந்தை, ஒரே கடை என்று இருந்ததால்தான் எல்லாம் ஒரே நாளில் நின்றது. மாற்ற வேண்டியது அதை.

செடியை ஒரே சமயத்தில் கவாத்து செய்யாமல் பகுதி பகுதியாகச் செய்தால் பூ வரத்தும் பிரிந்து வரும். எல்லோருடைய பூவும் கொட்டும் ஏப்ரல், மே மாதத்தில் உங்களுடையதும் மொத்தமாகப் போய் விழாது. தோட்டக்கலை அலுவலரைச் செடியைப் பார்க்கச் சொல்லி, எந்தப் பாத்தியை எப்போது வெட்டலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வாசனைத் திரவிய ஆலைகள் மல்லியை வாங்குகின்றன. விலை குறைவுதான், மாலைக்குப் போகும் பூவின் விலை கிடைக்காது. இருந்தாலும் சந்தை தேங்கும் நாளில் வரப்பில் கொட்டாமல் பறிகூலியாவது வரும். இருபது முப்பது தோட்டக்காரர்கள் சேர்ந்து கேட்டால்தான் ஆலையில் மதிப்பு.

தரிசாகக் கிடக்கும் ஐம்பது சென்ட்டில் கிணற்றுத் தண்ணீர் எட்டுகிற பாதியில் தீவனப்புல் போட்டு ஒரு கறவை மாடு வையுங்கள் என்பேன். ஊரடங்கிலும் பால் கூட்டுறவுச் சங்கங்கள் பால் எடுத்துக்கொண்டுதான் இருந்தன. தனியார் பண்ணைகள் பல அப்போது விலையைக் குறைத்தார்கள், அதனால் சங்கத்திலேயே ஊற்றுங்கள். கிசான் கார்டில் மாடு வளர்ப்புக்கும் இரண்டு லட்சம் வரை நடைமுறைச் செலவுக்குக் கடன் உண்டு. ஆனால் மாடு ஐந்து வட்டிக் கடன் முடிந்த பிறகுதான். கடன்மேல் கடனாக மாடு வாங்கி மூன்று மாதத்தில் விற்றவர்களை எனக்குத் தெரியும். மாட்டுக் கொட்டகை, பண்ணைக்குட்டை, வரப்பு போடுவது எல்லாவற்றையும் சிறு, குறு விவசாயி நிலத்தில் நூறு நாள் வேலையிலேயே செய்துகொள்ளலாம். பட்டா இருந்தால் ஊராட்சியில் எழுதிக்கொடுங்கள்.

இனி உங்கள் குழு. ஒரு ஊர் எழுந்து நிற்கிறதா என்பது இங்கேதான் தெரியும் என்று நான் நம்புகிறேன். உங்கள் தோட்டத்தில் பூப் பறிக்க வருகிறவர்கள், பூக் கட்டிக் கொடுப்பவர்கள், டீக்கடைக்காரர், மளிகைக்காரர் எல்லோருமே ஒருவர் காசில் ஒருவர் ஓடியவர்கள். நீங்கள் வரப்பில் பூவைக் கொட்டிய வாரம் பறிகூலி பாதியாகியிருக்கும், மளிகைக் கடையில் நோட்டு நீண்டிருக்கும். இப்போது குழுவில் எழுபதாயிரம் முடங்கிக் கிடக்கிறது, அதே தெருவில் ஐந்து வட்டிக்கு ஆள் அலைகிறார்கள். பயம் நியாயம்தான். அதற்காகப் பணத்தைப் பூட்டி வைப்பதில் யாருக்கும் பாதுகாப்பு இல்லை.

தவணை கட்டாத பாதிப் பேரையும் கூட்டத்துக்கு அழையுங்கள். பழைய பாக்கியைத் தனிப் பக்கத்தில் எழுதி, மாதம் இருநூறோ முந்நூறோ அவரவர் கட்டக்கூடியதைச் சொல்லச் சொல்லுங்கள். கொரோனா மாதங்களுக்கு அபராதம் வேண்டாம் என்று தீர்மானம் போடுங்கள். கட்ட முடியாதவருக்கும் கட்ட மனம் இல்லாதவருக்கும் உள்ள வித்தியாசம் ஒரே தெருவில் இருக்கும் உங்களுக்குத் தெரியும், வங்கிக்குத் தெரியாது. அதனால்தான் குழுக் கடன் வங்கிக் கடனைவிட நன்றாகத் திரும்பி வருகிறது. அப்புறம் சின்னத் தொகையாக, மூவாயிரம் ஐயாயிரம் என்று, வட்டிக்கு வாங்கியதை அடைப்பதற்கு மட்டும் கடன் கொடுக்கத் தொடங்குங்கள். ஆறு மாதம் சுழற்சி ஒழுங்காக நடந்தால், வங்கி குழுவுக்குத் தரும் இணைப்புக் கடனுக்குப் போகலாம், குழுவுக்கு இருபது லட்சம் வரை அடமானம் இல்லாமல் தர விதி இருக்கிறது. உலக வங்கி உதவியோடு நடக்கும் 'வாழ்ந்து காட்டுவோம்' திட்டம் கொரோனாவுக்கென்று 300 கோடி ரூபாய் ஒதுக்கியது. உங்கள் ஒன்றியம் அதில் வருகிறதா என்று மகளிர் திட்ட அலுவலகத்தில் விசாரியுங்கள்.

பூப்பறிக்கும் பெண்களுக்கு நிலமும் இல்லை, நகையும் இல்லை. அவர்களுக்கு நூறு நாள் வேலைதான் பிடிமானம். இந்த 2022-ல் கூலி 281 ரூபாய். மல்லி வரத்துக் குறையும் டிசம்பர், ஜனவரியில் வேலை நாட்கள் கையில் இருக்கும்படி திட்டமிட வேண்டும். ஆகஸ்ட் 15 கிராம சபையில் குழுவாகப் போய் எழுத்தில் கொடுங்கள், தீர்மானப் புத்தகத்தில் ஏறினதா என்று அங்கேயே பார்த்துவிட்டு வாருங்கள்.

உற்பத்தியாளர் கம்பெனி தொடங்குகிறோம், பங்குத்தொகை ஆயிரம் கட்டுங்கள் என்று யாராவது வந்தால் அவசரப்பட வேண்டாம். நல்லவை இருக்கின்றன, மத்திய அரசும் 2020-ல் பத்தாயிரம் கம்பெனிகளுக்குத் திட்டம் போட்டது. கடைசி வருடக் கணக்கு, பொதுக்குழு நடந்த தேதி, உண்மையில் எவ்வளவு பூ வாங்கி விற்றார்கள் என்று மூன்றையும் கேளுங்கள். சொல்ல முடியாதவர்களிடம் சேர வேண்டாம்.

கடைசியாக உங்கள் மகள். மில்லுக்கு அனுப்ப வேண்டாம். மேலே சொன்னபடி நடந்தால் அவள் கொண்டுவரும் சம்பளத்தை நம்பி உங்கள் கடன் இல்லை. கடன் இரண்டு வருடத்தில் முடியும், நின்றுபோன படிப்பை அப்புறம் தொடர்வது கஷ்டம். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் நிலக்கோட்டையிலேயே அரசு மகளிர் கலைக் கல்லூரி இருக்கிறது. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்றைத் தாசில்தார் அலுவலகத்தில் வாங்கி வையுங்கள். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரியில் சேர்ந்தால் மாதம் ஆயிரம் ரூபாய் தருவதாக 2022 பட்ஜெட்டில் அறிவித்திருக்கிறார்கள். அவள் எங்கே படித்தாள் என்று நீங்கள் எழுதவில்லை, அரசுப் பள்ளி என்றால் அது அவளுக்கும் உண்டு. மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்று, ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம் நான்கையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே கல்லூரி விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள். பட்டா மாறுதலுக்கு இ-சேவை மையத்துக்குப் போவீர்கள் அல்லவா, அங்கேயே இதையும் ஆன்லைனில் போடலாம்.